பிரெஞ்சில் என்னைப் படுத்திய 'சுப்ழோங்க்தீஃப் பாஸே'

பிரெஞ்சு பி1 (இடைநிலை) தேர்வுக்குப் படித்தபோது 'நீ வந்ததில் எனக்கு மகிழ்ச்சி' என்பதில் 'நீ வந்ததில்' என்ற பகுதியை 'க து ஏ வெனு' என்றே எழுதிவந்தேன். ஒவ்வொரு முறையும் சிவப்பு மை. அங்கே வரவேண்டியது 'சுப்ழோங்க்தீஃப் பாஸே', அதாவது உணர்ச்சி, சந்தேகம் போன்றவற்றுக்குப் பின் வரும் 'சுப்ழோங்க்தீஃப்' என்ற வினைவடிவத்தின் இறந்தகாலம். வந்தது நடந்து முடிந்த விஷயம்தானே, சாதாரண இறந்தகாலம் போதாதா என்று எரிச்சலாக வரும்.

ஒருநாள் பிடிபட்டது. புதிதாக மனப்பாடம் செய்ய ஒன்றுமில்லை. பாஸே கோம்போஸேயை, அதாவது சாதாரண இறந்தகாலத்தை, அப்படியே வைத்துக்கொண்டு, அதில் முதலில் வரும் துணைவினையை மட்டும் சுப்ழோங்க்தீஃபுக்கு மாற்றினால் போதும். 'து ஏ வெனு' (நீ வந்தாய்) என்பது 'து சுவா வெனு' ஆகும். 'இல் அ ஃபினி' (அவன் முடித்தான்) என்பது 'இல் ஏ ஃபினி' ஆகும்.

எங்கே போடுவது? மகிழ்ச்சி, வருத்தம், சந்தேகம் போன்றவை முன்னால் வந்து, அடுத்த செயல் அதற்கு முன்பே முடிந்திருந்தால். முன்னால் வரும் வினை 'மகிழ்ந்தேன்' என்று இறந்தகாலத்தில் இருந்தாலும் பேச்சில் இதே வடிவம்தான்.

அப்புறம் ஒரு பொறி: இரண்டு செயலுக்கும் ஆள் ஒருவரே என்றால் இது வராது. 'நான் வந்ததில் எனக்கு மகிழ்ச்சி' என்பதில் 'நான் வந்ததில்' என்பதற்கு 'தெத்ர வெனு' போதும். 'அப்ரே க'வுக்குப் ('...பிறகு' என்று பொருள்) பின்னாலும் இலக்கணப்படி சாதாரண இறந்தகாலம்தான். பிரெஞ்சுக்காரர்களே அதில் சறுக்குகிறார்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.