டாக்டரை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள்

காய்ச்சல் இரண்டு நாளில் விடவில்லை என்றால் "அந்த டாக்டர் கைராசி இல்லை" என்று மூன்றாம் நாளே வேறு கிளினிக்குக்குப் போய்விடுகிறோம். வைரஸ் காய்ச்சல் அவ்வளவு சீக்கிரம் அடங்காது. டெங்குவாக இருந்தால் காய்ச்சல் விடும் சமயத்தில்தான் ஆபத்தே வரும்; முதல் நாளிலிருந்து பார்த்துவருபவருக்குத்தான் பிளேட்லெட் எவ்வளவிலிருந்து எவ்வளவுக்கு இறங்கியது, ஆள் எப்படிச் சோர்ந்துபோனார் என்பதெல்லாம் தெரியும்.

பிரஷர், சுகர் உள்ளவர்கள் தொந்தரவுக்கு ஒரு டாக்டர் என்று அலைவது இதைவிட மோசம். பிரஷருக்கு எனலாப்ரிலோ ராமிப்ரிலோ எழுதித் தருகிறார்கள், அது சிலருக்கு வறட்டு இருமலைக் கொண்டுவரும், இருமல் வந்தவர் பக்கத்துத் தெரு கிளினிக்கில் போய் "இருமல்" என்று மட்டும் சொல்கிறார். அங்கே சிரப், அடுத்த இடத்தில் ஆன்டிபயாடிக், அதற்கடுத்து எக்ஸ்ரே. மாத்திரையை எழுதியவரிடமே திரும்பிப் போயிருந்தால் அதை மாற்றிக் கொடுத்திருப்பார், இருமலும் மெல்ல நின்றிருக்கும். இன்னொரு பிரஷர் மாத்திரையான அம்லோடிபினால் வரும் கால் வீக்கத்துக்கும் இதே கதைதான். முட்டிவலிக்கு வேறொருவர் தரும் டைக்ளோஃபினாக் பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும்.

நார்வேயில் 2001 முதல் ஆளுக்கொரு பொதுமருத்துவர் என்ற ஏற்பாடு இருக்கிறது. 15 வருஷத்துக்கு மேல் ஒரே மருத்துவரிடம் இருந்தவர்களுக்கு, ஒரு வருஷம் மட்டுமே இருந்தவர்களைவிட இறப்பு வாய்ப்பு ஏறக்குறைய 25 சதவீதம் குறைவு என்று அங்கே நடந்த ஆய்வு ஒன்று சொல்கிறது. முழுக்க அதனால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனாலும் சாதாரண வித்தியாசமில்லை.

அப்புறம், பழைய சீட்டைத் தூக்கிப்போட்டுவிட்டு "சின்னதா ஒரு வெள்ளை மாத்திரை" என்று சொன்னால் எந்த டாக்டராலும் கண்டுபிடிக்க முடியாது. நாட்டு மருந்து சாப்பிட்டாலும் மறைக்காதீர்கள், திட்டினால் திட்டட்டும்.

ஒரே டாக்டர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு இருப்பது என்று அர்த்தமில்லை. சந்தேகம் வந்தால் இன்னொருவரிடம் தாராளமாகக் கேளுங்கள், அவர் சொன்னதை உங்கள் டாக்டரிடமும் வந்து சொல்லுங்கள். பெரிய ஆஸ்பத்திரியில் இருந்து டிஸ்சார்ஜ் ஆனால் அந்த வாரமே அங்கே தந்த சிகிச்சை விவரச் சீட்டையும் (டிஸ்சார்ஜ் சம்மரி) வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு உங்கள் டாக்டரிடம் எடுத்துப் போங்கள். பெயர் வேறாக இருந்தாலும் உள்ளே ஒரே மருந்தாக இருக்கும் இரண்டு அட்டைகளை நாளெல்லாம் விழுங்குகிறவர்கள் நிறையப் பேர்.