எஞ்சின் மாற்றிய ஜிப்சியில் ஐட்லிங் சரியில்லையா? எஞ்சினைக் கடைசியாகச் சந்தேகப்படுங்கள்

கார்புரேட்டர் ஜிப்சியில் எஸ்டீமின் 1.3 லிட்டர், 16 வால்வு எம்பிஎஃப்ஐ எஞ்சினை (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டரால் பெட்ரோல் கொடுப்பது) ஏற்றிய பிறகு, ஐட்லிங்கில், அதாவது நின்ற இடத்தில் எஞ்சின் ஓடும்போது, வரும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான். ஓடும்போது நன்றாக இழுக்கிறது, சிக்னலில் நின்றால் உறுமுகிறது, அல்லது அணைந்துவிடுகிறது. உடனே ஸ்க்ரூடிரைவரை எடுத்து த்ராட்டில் பாடியின் (எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் பகுதி) ஸ்டாப் ஸ்க்ரூவைத் திருகுகிறார்கள். தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். அது தொழிற்சாலையில் அளவு பார்த்து வைத்தது. அதைத் திருகினால் டிபிஎஸ் (த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்லும் சென்சார்) காட்டும் வோல்ட்டும் மாறும். கால் ஆக்ஸிலரேட்டரில் இல்லை என்பதே ஈசியூவுக்கு (எஞ்சினை இயக்கும் கணினிக்கு) தெரியாமல் போகும். ஒரு கோளாறு இரண்டாகிவிடும்.

பழைய காரில் ஒழுங்காக ஓடிய எஞ்சின் அது. புதிதாக வந்தவை இணைப்புகள்: கேபிள், ஹோஸ், ஒயர், எர்த், கூலன்ட். தேட வேண்டிய இடம் அங்கேதான்.

முதலில் பானட்டைத் திறக்காமல், குளிர்ந்த எஞ்சினை ஓடவிட்டு ஆர்பிஎம் முள்ளைக் கவனியுங்கள். சூடானதும் 800-ஐ ஒட்டி நிற்க வேண்டும். முள் அசையாமல் இருந்து வண்டி மட்டும் நடுங்கினால் அது பெரும்பாலும் ஐட்லிங் கோளாறு அல்ல. புதிதாக வெல்டிங் செய்த மவுன்ட் கடினமாக இருக்கலாம், அல்லது எக்ஸாஸ்ட் குழாய் சேசிஸில் இடிக்கலாம்.

முள் உயரத்திலேயே நின்றால், முதலில் ஆக்ஸிலரேட்டர் கேபிள். ஜிப்சியின் கேபிள் எஸ்டீம் த்ராட்டிலுக்கு அளவெடுத்துச் செய்ததல்ல. த்ராட்டில் லீவரை விரலால் மூடும் பக்கம் அழுத்துங்கள். அது இன்னும் சிறிது நகர்ந்தால் கேபிள் இழுத்துப் பிடித்திருக்கிறது. கொஞ்சம் தளர்வு கொடுங்கள்.

கேபிள் சரி என்றால் காற்று எங்கிருந்தோ நுழைகிறது. இந்த எஞ்சின், மேனிஃபோல்டு (சிலிண்டர்களுக்குக் காற்று போகும் குழாய்) அழுத்தத்தை மேப் சென்சாரால் அளந்து பெட்ரோல் கொடுப்பது. அதனால் ஹோஸில் ஓட்டை இருந்தாலும் கலவை பெரிதாக மெலிவதில்லை. உள்ளே வந்த காற்றுக்கும் சேர்த்துப் பெட்ரோல் கிடைக்கிறது, வேகம் ஏறுகிறது. காற்றோட்ட மீட்டர் உள்ள எஞ்சினில் இதே ஓட்டை கலவையை மெலியவைத்து எஞ்சினைத் திணறவைக்கும். அங்கே படித்த பாடத்தை இங்கே அப்படியே வைத்துப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

எனக்கு மிகவும் நம்பிக்கையான சோதனைக்குக் கருவியே வேண்டாம். ஏர் ஃபில்டர் குழாயைக் கழற்றுங்கள். பட்டாம்பூச்சி வால்வுக்கு (த்ராட்டில் பாடிக்குள் திறந்து மூடும் தகடு) முன்னால் ஒரு சிறிய துளை தெரியும். த்ராட்டில் மூடியிருக்கும்போது ஈசியூ சொல்படி காற்று விடும் ஐட்லிங் வால்வுக்குக் காற்று போகும் வழி அது. சூடான எஞ்சின் ஓடும்போது அதை விரலால் மூடுங்கள். வேகம் விழுந்தால் கூடுதல் காற்று அந்த வால்வு வழியாகத்தான் போகிறது: வால்வு கரி பிடித்துத் திறந்தபடி சிக்கியிருக்கலாம், அல்லது எஞ்சின் இன்னும் குளிர்ந்திருப்பதாக ஈசியூ நினைக்கிறது. மூடியும் மாற்றமே இல்லை என்றால், ஈசியூ வால்வை ஏற்கெனவே முழுக்க மூடிவிட்டது. காற்று வேறு வழியில் வருகிறது. பிரேக் பூஸ்டர் ஹோஸ், பிசிவி (எஞ்சினுள் சேரும் வாயுவைத் திரும்ப உள்ளே இழுக்கும் வால்வு) ஹோஸ், கார்பன் கேனிஸ்டருக்கு (டேங்கின் பெட்ரோல் ஆவியைப் பிடிக்கும் டப்பா) போக வேண்டிய முனை ஆகியவற்றை ஒவ்வொன்றாகத் துணி சுற்றிய பிளையரால் நெரித்துப் பாருங்கள். எந்த ஹோஸை நெரிக்கும்போது வேகம் இறங்குகிறதோ, கோளாறு அதில். மேனிஃபோல்டு கேஸ்கெட் கசிகிறதா என்று பார்க்க அதன் ஓரத்தில் தண்ணீரைப் பீய்ச்சினால் போதும்; வேகம் மாறினால் கசிவு அங்கேதான். ஊதுபத்திப் புகை பிடிப்பதும் கார்புரேட்டர் கிளீனர் அடிப்பதும் பெட்ரோல் லைனுக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம்.

வேகம் ஏறி, சட்டென்று விழுந்து, மறுபடி ஏறினால் அதுவும் பெரும்பாலும் இதே கூடுதல் காற்றுதான். த்ராட்டில் மூடியிருக்கிறது, ஆனால் ஆர்பிஎம் அதிகம் என்று கண்டதும் ஈசியூ பெட்ரோலை நிறுத்துகிறது. விழுந்ததும் திரும்பக் கொடுக்கிறது. இதைப் பார்த்து ஈசியூவை மாற்றுவது வீண் செலவு.

அடுத்தது எர்த். ஏற்றுவதற்கு முன் எஞ்சினுக்கு அழகாகப் பெயின்ட் அடித்து, அந்தப் பெயின்டின் மேலேயே எர்த் வளையத்தை வைத்து முடுக்கிவிடுகிறார்கள். மல்டிமீட்டரின் கறுப்பு முனையை பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் சிவப்பை எஞ்சின் பிளாக்கின் வெறும் உலோகத்திலும் வையுங்கள். எஞ்சின் ஓட, ஹெட்லைட் எரிய, 0.1 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். பிறகு சிவப்பு முனையை ஈசியூவின் எர்த் ஒயரில் வைத்துப் பாருங்கள். ஐட்லிங்கில் மேப் சென்சார் தருவதே ஏறத்தாழ 1 முதல் 1.5 வோல்ட். அதில் 0.2 வோல்ட் பிசகினால் பெட்ரோல் கணக்கே தப்பிவிடும். வளையத்துக்கு அடியில் உலோகம் பளிச்சென்று தெரியும்வரை சுரண்டுங்கள்.

சூடான பிறகும் 1,500-இலேயே நின்றால் கூலன்ட் சென்சாரைப் பாருங்கள். 20 டிகிரியில் 2 முதல் 3 கிலோ ஓம், 80 டிகிரியில் 300 ஓம் அளவில் காட்ட வேண்டும். சென்சார் நன்றாக இருந்தும் வேகம் குறையவில்லை என்றால் அதைச் சுற்றிக் காற்று அடைத்திருக்கும். எஞ்சின் ஆறியபின் வண்டியின் முன்பக்கத்தை மேட்டில் நிறுத்தி, ரேடியேட்டர் மூடியைத் திறந்து, குமிழி நிற்கும்வரை ஊற்றுங்கள்.

பிரேக் பிடித்து நிற்கும் தறுவாயில் மட்டும் அணைந்தால் ஸ்பீடு சென்சாரைத் தேடுங்கள். பழைய கேபிள் ஸ்பீடோமீட்டரை அப்படியே விட்டிருந்தால் ஈசியூவுக்கு வண்டியின் வேகம் போவதில்லை. பிரேக் மிதியை அழுத்தினாலே தடுமாறினால் பூஸ்டர் டயஃப்ரம் கிழிந்திருக்கலாம். கறுப்புப் புகையோடு திணறினால், பெட்ரோல் பிரஷர் ரெகுலேட்டரின் வேக்குவம் ஹோஸை உருவுங்கள். உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தால் ரெகுலேட்டர் போய்விட்டது.

நீலகிரிக்காரர்களுக்கு ஒன்று. மேனிஃபோல்டின் வெற்றிடத்தை அளக்கும் வேக்குவம் கேஜ் கடல் மட்டத்தில் 17 முதல் 21 அங்குலம் (பாதரச அளவு) காட்டும். உயரம் 1,000 அடி கூடினால் ஏறக்குறைய ஓர் அங்குலம் குறையும். 7,300 அடிக்கு மேலுள்ள ஊட்டியில் 12, 13 காட்டுவதைக் கண்டு வால்வு போய்விட்டதென்று ஹெட்டைப் பிரித்துவிடாதீர்கள்.

எல்லாம் முடிந்தபின் பேட்டரி நெகட்டிவைச் சிறிது நேரம் கழற்றி மாட்டுங்கள். எதையும் போடாமல் எஞ்சின் நன்றாகச் சூடாகும்வரை ஓடவிட்டு, பிறகு ஹெட்லைட், புளோயர், ஏசி இருந்தால் அதையும் ஒவ்வொன்றாகப் போட்டு, முள் ஒவ்வொரு முறையும் தன் இடத்துக்குத் திரும்புகிறதா என்று பாருங்கள்.