ரோமானிய வெண்கலக் காசுகள்: ஸ்பெஸ் தேவியிலிருந்து தொடங்குங்கள்

ரோமானியக் காசு சேர்ப்பவர்களில் பலர் பேரரசரின் தலையைத்தான் தேடுகிறார்கள். காசைத் திருப்பிப் பாருங்கள். நேர்மை, அமைதி, நம்பிக்கை, பக்தி போன்ற குணங்கள் பெண் உருவம் எடுத்து நிற்கும். தன்னைப் பற்றி மக்கள் என்ன நினைக்க வேண்டும் என்று அரசர் விரும்பினாரோ, அதைத்தான் அங்கே பொறித்தார்கள். கி.பி. 68-இல் நீரோ மாண்டதும் அரியணை ஏறிய கால்பா, 'லிபர்தாஸ் புப்ளிகா' (மக்களின் விடுதலை) என்று காசு வெளியிட்டார். அந்தப் பெண்ணின் கையில் இருப்பது, விடுதலை பெற்ற அடிமை அணியும் தொப்பி.

எல்லாக் குணங்களையும் ஒரேயடியாகச் சேர்க்கப் போனால் பணமும் கவனமும் சிதறும். ஒன்றைப் பிடித்துக்கொண்டு முந்நூறு ஆண்டுகள் நடந்து பாருங்கள். நான் சொல்வது ஸ்பெஸ், அதாவது நம்பிக்கை. ஏன் என்று மூன்றாம் படியில் புரியும்.

படி 1: வகை பிரிக்கப் பழகுங்கள்

வெண்கலக் காசு என்று பொதுவாகச் சொல்கிறோம். ஆனால் முதல் இரண்டு நூற்றாண்டுகளின் செஸ்டர்ஷியஸ், துபோண்டியஸ் என்னும் காசு வகைகள் பித்தளை, அஸ் என்னும் வகை செம்பு. நான்கு அஸ் சேர்ந்தால் ஒரு செஸ்டர்ஷியஸ். செஸ்டர்ஷியஸ் ஏறக்குறைய 25 கிராம் இருக்கும், உள்ளங்கையில் வைத்தாலே கனம் தெரியும். மற்ற இரண்டும் 10 முதல் 13 கிராம். களிம்பு ஏறிய பிறகு நிறத்தை வைத்து அவற்றைப் பிரிப்பது கடினம். நீரோ காலத்திலிருந்து பெரும்பாலும் துபோண்டியஸில் அரசர் தலையில் கதிர்க் கிரீடம் இருக்கும், அதைப் பாருங்கள்.

0.01 கிராம் வரை காட்டும் டிஜிட்டல் தராசும், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸும் வாங்கிக்கொள்ளுங்கள். தொடக்கத்துக்கு வேறு கருவி வேண்டாம்.

படி 2: கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

விளிம்பில் உள்ள எழுத்து முதலில் தேயும். நடுவில் நிற்கும் உருவம் தாக்குப்பிடிக்கும். வேலைக் கண்டதும் முருகன் என்று சொல்வதுபோல, இங்கேயும் கைப்பொருளே அடையாளம். ஆலிவ் கிளை என்றால் பாக்ஸ், அமைதி. பாம்புக்கு உணவூட்டுபவள் சாலுஸ், உடல்நலம். சுக்கான் பிடித்தவள் ஃபோர்த்தூனா, அதிர்ஷ்டம். தூணில் சாய்ந்து நிற்பவள் பெரும்பாலும் செக்யூரித்தாஸ், பாதுகாப்பு. தராசு இருந்தால் மட்டும் அவசரப்படாதீர்கள்: ஏக்விதாஸ் (நேர்மை), மொனேதா (நாணயச் சாலையின் காவல் தேவி) இருவருமே தராசும் வளக்கொம்பும் (கனிகள் நிறைந்த கொம்பு) ஏந்தி நிற்பார்கள். எழுத்து தெரிந்தால்தான் யார் என்று சொல்ல முடியும்.

ஸ்பெஸைக் கண்டுபிடிப்பது எளிது. இடப்பக்கம் நோக்கி நடப்பாள், வலக்கையில் ஒரு பூ, இடக்கையால் பாவாடையைச் சற்றே தூக்கிப் பிடித்திருப்பாள். மிகத் தேய்ந்த காசிலும் அந்த மடிப்பு கோடாகத் தெரியும்.

எழுத்தைப் படிக்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: 'யூ' வரவேண்டிய இடத்தில் 'வி' எழுத்துதான் இருக்கும். படித்ததை அமெரிக்க நாணயவியல் சங்கத்தின் இலவச இணையத் தரவுத்தளமான ஓ.சி.ஆர்.இ.யில் தேடலாம். பாதி எழுத்து கிடைத்தால்கூட போதும்.

படி 3: பின்னாலிருந்து முன்னால் வாங்குங்கள்

முதலில், காலத்தால் கடைசியான நான்காம் நூற்றாண்டுக் காசு. இரண்டாம் கான்ஸ்டான்ஷியஸும் ஜூலியனும் 355–361-இல் வெளியிட்ட சிறு காசுகளில் 'ஸ்பெஸ் ரெய்புப்ளிக்கே' (அரசின் நம்பிக்கை) என்று இருக்கும். எடை 2 கிராம் அளவுதான், நிறையக் கிடைக்கும், விலையும் குறைவு. ஆனால் படத்தில் ஸ்பெஸ் இல்லை! தலைக்கவசம் அணிந்த அரசர் உருண்டையும் ஈட்டியும் பிடித்து நிற்கிறார். தேவி போய்விட்டாள், பெயர் மட்டும் மிஞ்சியது.

அடுத்து கான்ஸ்டன்டைனின் மனைவி ஃபௌஸ்தாவின் காசு. அதே வாசகம், இரண்டு குழந்தைகளை ஏந்திய தாய். 326-இல் கணவன் ஆணையாலேயே ஃபௌஸ்தா மாண்டாள் என்பதை அறிந்து பார்க்கும்போது மனம் கனக்கும். பிறகு செவெரஸ் அலெக்சாண்டரின் 'ஸ்பெஸ் புப்ளிகா' செஸ்டர்ஷியஸ்: மூன்றாம் நூற்றாண்டு, பூவோடு நடக்கும் அதே தேவி. கடைசி இலக்கு முதல் நூற்றாண்டுப் பேரரசர் கிளாடியஸின் 'ஸ்பெஸ் அகஸ்தா'. ரோமில் ஸ்பெஸ் கோயிலின் நாளான ஆகஸ்ட் 1-தான் கிளாடியஸின் பிறந்தநாளும். இதற்கு விலை அதிகம், அவசரம் வேண்டாம்.

படி 4: வாங்கும் முன்

விளிம்பை லென்ஸில் சுற்றிப் பாருங்கள். அச்சில் ஊற்றிய போலியில் விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடு தெரியும், அல்லது அதை அராவிய தடம். பரப்பில் ஊசிமுனை போன்ற குழிகள், சோப்பு தேய்ந்ததுபோல மழுங்கிய எழுத்து, எடைக் குறைவு, இவற்றில் இரண்டு சேர்ந்தால் விட்டுவிடுங்கள்.

இந்தியாவில் நூறு ஆண்டு கடந்த நாணயம் தொல்பொருள். 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதை விற்கும் வணிகத்துக்கு உரிமம் தேவை, தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவும் கூடாது. ஆகவே உரிமம் உள்ளவரிடம் பில்லோடு வாங்குங்கள். கரூர் அமராவதி ஆற்றுப் படுகையிலும் மதுரையிலும் பிற்கால ரோமானியச் செப்புக்காசுகள் கிடைத்திருக்கின்றன, இலங்கையில் ஆயிரக்கணக்கில். மண்ணில் அப்படி ஒன்று உங்கள் கண்ணில் பட்டால், 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். எந்த அடுக்கில், எதோடு கிடந்தது என்பதுதான் அந்தக் காசின் வரலாறு. தோண்டி எடுத்து விற்றால் அது அழிந்துபோகும்.

படி 5: புளி போடாதீர்கள்

குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கும் பழக்கம் நமக்கு உண்டு. காசை அப்படிச் செய்தால் நூற்றாண்டுகளாகப் படிந்த களிம்பு போய், அம்மணமான செம்பு மிஞ்சும். எலுமிச்சையும் வினிகரும் அப்படியே. மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, மெல்லிய பிரஷ்ஷால் தடவுங்கள், மரக்குச்சியால் கிளறுங்கள். நீரை அவ்வப்போது மாற்றி, பிறகு நன்றாகக் காயவையுங்கள்.

வெளிர் பச்சையில் மாவு போல உதிரும் புள்ளி வந்தால் அது வெண்கல நோய். உடனே மற்றக் காசுகளிலிருந்து பிரித்து, ஈரம் படாமல் வைத்து, விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். மென்மையான பிவிசி உறை நாளடைவில் காசைப் பிசுபிசுப்பாக்கும். அமிலமில்லாத காகித உறை நல்லது. உறையின் மேல் அரசர், தேவி, எடை, வாங்கிய இடம், தேதி, விலை ஆகியவற்றைக் காசை உள்ளே போடும் முன்பே எழுதிவிடுங்கள். பிறகு எழுதினால் பேனா அழுத்தம் காசில் பதியும்.