இந்தி அகராதியில் சொல் தேட

இந்தி அகராதியைப் புரட்ட புது எழுத்து வரிசை மனப்பாடம் செய்ய வேண்டாம். நம் க, ச, ட, த, ப வரிசையே போதும். தமிழ் எழுத்து, இந்தியை எழுதும் தேவநாகரி இரண்டுக்கும் மூலம் பிராமி என்ற பழைய எழுத்து என்பதால் அடுக்கும் ஒன்றே. க-வுக்கும் ங-வுக்கும் நடுவே அவர்களுக்கு மூன்று எழுத்து கூடுதல், அவ்வளவுதான். வீட்டைக் குறிக்கும் 'கர்' தொடங்குவது க-விலிருந்து எண்ணினால் நான்காவது எழுத்தில். ச வருமுன் தேடுங்கள். ய, ர, ல, வ-வும் அப்படியே.

காலை வாருவது இரண்டு இடம். எழுத்தின் தலையில் புள்ளி (மூக்கொலிக் குறி) வைத்த சொற்கள் முதலில் வரும்: 'ரங்' (நிறம்) ர-வின் தொடக்கத்தில். கூட்டெழுத்துகள் (இரு மெய் சேர்ந்தவை) கடைசியில்: 'க்யா' (என்ன) 'கௌ'வுக்கும் பின்னால். நம் அகராதிக்கு நேர் தலைகீழ்! ழ, ற, ன தேடவே வேண்டாம், இந்தியில் அவை இல்லை.