நாய்க்குட்டிக்கு எவ்வளவு வைப்பது? அளவில் நடக்கும் தவறுகள்

போன மாதம் எங்கள் தெருவில் ஒரு தம்பி லாப்ரடார் குட்டி வாங்கி வந்தான். பிறந்து 50 நாள். மூன்றாம் நாளே கூப்பிட்டான். "அண்ணா, பாக்கெட்ல போட்டிருக்கிற அளவுதான் வைக்கிறேன், ஆனா வயிறு கழியுது." குட்டிகளுக்குக் கழிச்சல் பார்வோ என்ற உயிர்க்கொல்லி வைரஸ் நோயாகவும் இருக்கலாம் என்பதால் முதலில் கால்நடை மருத்துவரிடம் அனுப்பினேன். பார்வோ இல்லை. அப்புறம் அவன் வைக்கும் தட்டைப் பார்த்தேன். பல வருடத்துக்கு முன் நான் செய்த அதே தவறு.

வெங்காயம், சாக்லேட், திராட்சை ஆகாது என்று இப்போது எல்லோருக்கும் தெரிகிறது. அதனால் அளவைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பாக்கெட்டில் உள்ளது ஒரு நாள் கணக்கு

பாக்கெட்டின் பின்னால் உள்ள கிராம், நாள் முழுவதற்குமானது. 160 கிராம் என்றால் இரண்டு மாதக் குட்டிக்கு 40 கிராம் வீதம் நான்கு வேளை. தம்பி வேளைக்கு 160 வைத்திருக்கிறான். சில அட்டவணைகளில் குட்டியின் இன்றைய எடை இருக்காது, வளர்ந்தபின் வரப்போகும் எடைதான் இருக்கும். அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

என் முதல் குட்டிக்கும் இப்படித்தான் வைத்தேன். கழிந்ததும் தீனிதான் சரியில்லை என்று ஒரே மாதத்தில் மூன்று தீனி மாற்றினேன். ஒவ்வொரு மாற்றத்துக்கும் மறுபடி கழிந்தது. பிறகு வயிறு பழகிவிட்டது, குட்டி கொழுகொழுவென்று ஆனது. தெருவே பாராட்டியது. எலும்பு பலப்படட்டும் என்று கால்சியம் டானிக் வேறு ஊற்றினேன். எட்டாம் மாதம் பின்னங்கால் இரண்டையும் சேர்த்து முயல் மாதிரி தத்தி ஓட ஆரம்பித்தாள். எக்ஸ்ரேயில் இடுப்பு மூட்டு தளர்ந்திருந்தது. அது பரம்பரையாக வரும் கோளாறுதான், ஆனால் வளரும் வயதில் ஏற்றிய எடை அதை மோசமாக்கிவிட்டது என்றார் மருத்துவர். கடைசிவரை வலி மாத்திரையோடுதான் இருந்தாள். இன்றும் யாராவது குண்டுக்குட்டியைத் தூக்கிக் காட்டி "நல்லா வளர்க்கிறேன்ல?" என்று கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது.

கூடுதல் கால்சியமும் அதே அளவு கெடுதல். குட்டிகளுக்கான பாக்கெட் தீனியில் தேவையான கால்சியம் இருக்கிறது. அதற்கு மேல் ஊற்றினால் சின்னக் குட்டியின் உடம்புக்கு வேண்டாததைத் தள்ளத் தெரியாது, உறிஞ்சிக்கொள்ளும். பெரிய இனங்களில் எலும்பு வளர்ச்சியே கோணலாகும்.

ஓர் ஆராய்ச்சியில் 48 லாப்ரடார்களை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஜோடியில் ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாகவே வாழ்நாள் முழுக்கத் தீனி வைத்துப் பார்த்தார்கள். முடிவு 2002-இல் வந்தது. குறைவாகச் சாப்பிட்டவை ஏறக்குறைய 13 வருடம் வாழ்ந்தன, மற்றவை 11 சொச்சம்தான். மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது.

டம்ளரால் அளப்பது

வேண்டாம். சமையலறைத் தராசு வாங்குங்கள்.

முகத்தைப் பார்த்து வைப்பது

லாப்ரடார் எப்போதும் பசித்த முகத்தோடுதான் நிற்கும். நான்கில் ஒன்றுக்கு, வயிறு நிறைந்ததை உணர்த்தும் மரபணுவிலேயே குறை உண்டு என்று 2016-இல் கண்டுபிடித்தார்கள். அதனால் விலாவைத் தொட்டுப் பாருங்கள். அழுத்தாமலே எலும்பு விரலில் தட்டுப்பட வேண்டும். மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்கித் தெரிய வேண்டும். சிப்பிப்பாறை, கன்னி மாதிரி ஒல்லியான நம் ஊர் வேட்டை நாய்களுக்கு விலா லேசாக வெளியே தெரிவது இயல்பு. அதைப் பார்த்துப் பதறி லாப்ரடார் மாதிரி ஊட்டாதீர்கள்.

பசும்பால்

கழியும்.

உப்பிய வயிறு

முதுகு ஒட்டி வயிறு மட்டும் பானை மாதிரி இருந்தால் பெரும்பாலும் குடற்புழு. 12 வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புழு மருந்து தர வேண்டும்.

பயந்துபோய்ப் பட்டினி போடுவது

இதைப் படித்துவிட்டு வேளையைக் குறைத்துவிடாதீர்கள். பொமரேனியன் மாதிரிச் சின்ன இனக் குட்டிகள் ஒரு வேளை விட்டாலே சர்க்கரை இறங்கிச் சுருண்டுவிடும். மூன்று மாதம் வரை நான்கு வேளை, ஆறு மாதம் வரை மூன்று, பிறகு இரண்டு. பிஸ்கட், சிக்கன் துண்டு எல்லாம் சேர்த்து நாளின் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

தம்பி இப்போது ஞாயிறுதோறும் குட்டியைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி, தன் எடையைக் கழித்து நோட்டில் எழுதுகிறான். எடை ஏற ஏற அட்டவணையைப் பார்த்துத் தீனியைக் கூட்டுகிறான். கழிச்சல் நின்றுவிட்டது.