பயிருக்குத் தைலம் தெளிக்கிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிர்த்துவிடுங்கள்

புல்தைலம், கிராம்புத் தைலம், சிட்ரொனெல்லாப் புல்லின் தைலம் என்று ஏதாவது ஒன்றை வாங்கி வாரம் ஒருமுறை அடித்தால் போதும், பயிர் தளதளவென்று வளரும் என்று வாட்ஸாப்பில் சுற்றும் செய்தியை நம்பித் தெளிப்பதுதான் முதல் தவறு. தைலத்தில் தழைச்சத்தும் இல்லை, மணிச்சத்தும் இல்லை, சாம்பல்சத்தும் இல்லை. பூச்சி, பூஞ்சை, பக்கத்தில் முளைக்கும் வேறு செடி எல்லாவற்றையும் தள்ளி வைக்கத்தான் அது செடிக்குப் பயன்படுகிறது. அசுவினிப் பூச்சியும் இலைப்புள்ளி நோயும் குறைந்தால் இலை தன் வேலையை ஒழுங்காகச் செய்யும், வளர்ச்சிக்குக் கிடைக்கும் உதவி அவ்வளவுதான். அடியுரத்தையும் தொழுவுரத்தையும் நிறுத்திவிட்டுத் தைலத்தை நம்பினால் பயிர் பட்டினிதான் கிடக்கும்.

அளவு மீறினால் பயிரையே கொல்லும். கிராம்புத் தைலத்தில் இருக்கும் யூஜினாலை அமெரிக்காவில் இயற்கை விவசாயத்துக்கான களைக்கொல்லிகளில் சேர்க்கிறார்கள். நெதர்லாந்தில் கிடங்கில் இருக்கும் உருளைக்கிழங்கு முளைவிடாமல் தடுக்க, சீமைச்சோம்புத் தைலத்தில் உள்ள கார்வோனைப் பயன்படுத்தினார்கள். முளைப்பையே நிறுத்தக்கூடிய பொருளில் விதையை ஊற வைத்து விதைநேர்த்தி செய்யச் சொல்பவர்களை என்ன சொல்வது? தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

இங்கே பெரிய குழப்பம் வேப்பெண்ணெயால் வருகிறது. அது கொட்டையை ஆட்டி எடுக்கும் எண்ணெய், சீக்கிரம் ஆவியாகாது. தைலம் ஆவியில் வடித்து எடுப்பது, காரம் பல மடங்கு. வேப்பெண்ணெய்க்கு 3 சதவீதம், அதாவது லிட்டருக்கு 30 மில்லி என்பது பழகிய கணக்கு. அதே கணக்கில் கிராம்புத் தைலத்தை ஊற்றினால் குருத்து கருகிப்போகும். லிட்டருக்கு 1 மில்லியில் தொடங்கி, நாலைந்து செடிக்கு மட்டும் அடித்து, இரண்டு நாள் கழித்து இளம் இலையின் ஓரத்தைப் பாருங்கள், அது கருகாமல் இருந்தால் மேலே போகலாம்.

அப்புறம் கலக்கும் விஷயம். எண்ணெயைத் தண்ணீரில் ஊற்றிக் குச்சியால் கலக்கிவிட்டு டேங்கை முதுகில் மாட்டினால், கொஞ்ச நேரத்தில் எண்ணெய் மேலே வந்துவிடும். தெளிப்பான் அடியிலிருந்து உறிஞ்சுவதால் முதல் வரிசைகளுக்கு வெறும் தண்ணீர், கடைசி வரிசைக்குக் கிட்டத்தட்ட சுத்தத் தைலம். வயலில் ஒரு மூலை மட்டும் கருகி நிற்பதற்கு இது ஒரு காரணம். முதலில் சோப்புக் கரைசலோடு எண்ணெயைக் குழைத்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட வேண்டும். உப்புத்தன்மை அதிகமுள்ள போர் தண்ணீரில் சோப்பு திரிந்துவிடும், அங்கே நல்ல தண்ணீரோ ஒட்டுத் திரவமோ தேவை. ஒரு கண்ணாடி டம்ளரில் எடுத்து வைத்துப் பாருங்கள்: பால் மாதிரி அப்படியே நின்றால் சரி, மேலே வட்டம் வட்டமாக எண்ணெய் மிதந்தால் இன்னும் குழைக்க வேண்டும்.

டிரைக்கோடெர்மா என்ற நல்ல பூஞ்சை, சூடோமோனாஸ் என்ற நல்ல பாக்டீரியா, பஞ்சகவ்யம் இவற்றோடு ஒரே டேங்கில் கலக்கிறவர்களும் உண்டு. தைலம் கெட்ட பூஞ்சை, நல்ல பூஞ்சை என்று பார்ப்பதில்லை, காசு கொடுத்து வாங்கிய உயிரிகளை நாமே கொன்றுவிடுகிறோம். அதை ஒரு வாரம், இதை இன்னொரு வாரம் என்று பிரித்துக் கொடுங்கள். கந்தகம் அடித்த பயிருக்கு எந்த எண்ணெயும் இரண்டு வாரத்துக்குக் கூடாது, இரண்டும் சேர்ந்தால் இலை எரிந்துவிடும்.

வெறும் கையால் அளந்து ஊற்றாதீர்கள், கிராம்புத் தைலமும் பட்டைத் தைலமும் தோலையும் கண்ணையும் பதம் பார்க்கும்.

உச்சி வெயிலில் அடித்தால் பாதி காற்றோடு போகும், மீதி இலையைச் சுடும். பூசணி, வெள்ளரி பூத்திருக்கும்போது காலையில் அடிக்கவே கூடாது, தேனீ வரும் நேரம் அதுதான், அந்த வாசனைக்கு அது ஒதுங்கிப் போனால் பிஞ்சு நிற்காது. பொழுது சாய்ந்து தேனீ அடங்கிய பிறகு தெளியுங்கள்.