‘கருப்பா ஒட்டுங்க’ என்பவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள்

“அண்ணா, ஹால் ஜன்னலுக்குக் கருப்பு ஃபிலிம் ஒட்ட சதுர அடி என்ன விலை?” போனில் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கும். புதிதாகத் தொழிலுக்கு வந்தவர் உடனே ஒரு விலையைச் சொல்லிவிடுவார். நானும் அப்படிச் சொல்லி மாட்டிக்கொண்டவன்தான். இப்போது விலை கடைசியில்தான்.

படி 1: எதற்காக ஒட்டுகிறார்கள்?

வெயில் சூடா, டிவியில் விழும் கூச்சமா, சோபா துணி வெளுக்கிறதா, எதிர்வீட்டுப் பார்வையா? நான்குக்கும் ஒரே ஃபிலிம் போதாது. கருப்பாக இருந்தால் சூடு குறையும் என்று பலர் நம்புகிறார்கள். வெறும் சாயம் ஏற்றிய மலிவு ஃபிலிம் வெளிச்சத்தைத்தான் நன்றாக மறைக்கும். சூட்டில் பெரிய வித்தியாசம் தெரியாது. அகச்சிவப்புக் கதிரைத் தடுக்கும் செராமிக் ஃபிலிம் பார்க்க வெளிறியிருக்கும், ஆனால் அறை குளிரும். விலை கூடத்தான்.

மறைப்பு வேண்டும் என்றால் இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: “பகலிலா, ராத்திரியிலுமா?” கிருஷ்ணகிரி ராயக்கோட்டை சாலைப் பக்கம் ஒரு வீட்டுக்கு ஒன்வே மிரர் ஃபிலிம் ஒட்டினேன். பகலில் வெளியே நின்று பார்த்தால் உங்கள் முகம்தான் தெரியும், அவ்வளவு சுத்தமான வேலை. இரண்டாம் நாள் அந்த வீட்டு ஐயா கூப்பிட்டார். “தம்பி, ராத்திரி ஏழு மணிக்கு வந்து தெருவுல நின்னு பாருப்பா.” போய்ப் பார்த்தேன். உள்ளே டியூப்லைட், வெளியே இருட்டு. அவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டு வரை தெரிந்தது. எந்தப் பக்கம் வெளிச்சம் குறைவோ அங்கிருந்து மறுபக்கம் தெரியும். ஒன்வேயின் வேலையே அவ்வளவுதான். ராத்திரி மறைப்புக்குப் பனிமூட்டம் போல மங்கலாக்கும் ஃப்ராஸ்டட் ஃபிலிம், இல்லையென்றால் திரைச்சீலை. கழற்றி, பசை சுரண்டி, மறுபடி ஒட்டியதெல்லாம் என் கைக்காசு.

படி 2: எந்தத் திசை?

மேற்குப் பார்த்த ஜன்னலா என்று கேட்டால் சிலர் யோசிப்பார்கள். “சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு போட்டோ வாட்ஸ்அப்ல போடுங்க” என்று சொல்லிவிடுங்கள். வெயில் எங்கே விழுகிறது, முன்னால் மரம் இருக்கிறதா, எல்லாம் அதிலேயே தெரியும்.

படி 3: என்ன கண்ணாடி?

டஃபண்ட், அதாவது சூடாக்கி உறுதியாக்கிய கண்ணாடி என்றால் மூலையில் சின்ன முத்திரை இருக்கும், கவலை குறைவு. கம்பி வலை பதித்த கண்ணாடி, ஓரம் உடைந்த கண்ணாடி, இரட்டைக் கண்ணாடி, இவற்றுக்குச் சூட்டை உறிஞ்சும் கருப்பு ஃபிலிம் வேண்டாம். பாதி வெயிலும் பாதி நிழலும் விழும் இடத்தில் சூடு ஏறிக் கீறல் விடலாம், பழி உங்கள் தலையில். பாத்ரூமில் போடும் மேடுபள்ளக் கண்ணாடியில் சொரசொரப்பான பக்கம் ஃபிலிம் பிடிக்காது. அதையும் போட்டோவிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். பழைய ஃபிலிம் இருக்கிறதா என்பதையும் மறக்காதீர்கள். உரித்துப் பசை எடுக்கவே அரை நாள் போகும், அதற்குத் தனிக் கூலி.

படி 4: கிரில் எந்தப் பக்கம்?

நம் ஊர் வீடுகளில் இரும்பு கிரில் உள்ளே, ஷட்டர் வெளியே திறக்கும். ஃபிலிம் ஒட்டுவதோ கண்ணாடியின் உள்பக்கம். கிரில் வழியாகக் கை போகலாம், ஃபிலிமுக்கு அடியில் உள்ள தண்ணீரைத் தள்ளி எடுக்கும் ரப்பர் பட்டை, ஸ்க்வீஜி, போகாது. ஷட்டரைத் திறந்து வெளியே நின்றுதான் ஒட்ட வேண்டும். மாடி என்றால் சன்ஷேடு உண்டா, ஏணி நிற்க இடமிருக்கிறதா, ஷட்டரைக் கழற்ற முடியுமா என்று கேளுங்கள்.

படி 5: அளவு

ஜன்னல் அளவு வேண்டாம், ஒவ்வொரு கண்ணாடியின் அளவையும் கேளுங்கள். ரோல் பெரும்பாலும் 60 அங்குல அகலம். கண்ணாடி 15 அங்குலம் என்றால் குறுக்கே நான்கு வரும் என்று மனசு கணக்குப் போடும். ஆனால் ஓரம் வெட்ட இரண்டு பக்கமும் அரை அங்குலம் விட்டால் 16. மூன்றுதான் வரும், மிச்சம் 12 அங்குலம் வீண். அந்த வீணுக்கும் சேர்த்துத்தான் விலை.

படி 6: தேதியும் தண்ணீரும்

புது வீடு என்றால் கிரகப்பிரவேசம் எப்போது, டைல்ஸ் வெட்டும் வேலையும் பெயின்ட்டும் முடிந்ததா? ஒரு தூசி உள்ளே மாட்டினாலும் கொப்புளமாகத் தெரியும். ஆடிக் காற்றில் ஜன்னலைத் திறந்துவைத்து ஒட்டுவது இன்னும் சிரமம்.

தண்ணீர் விஷயம் நம் பக்கத்தில் முக்கியம். கண்ணாடியில் சோப்புத் தண்ணீர் அடித்துத்தான் ஃபிலிம் ஒட்ட வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரியில் பல ஊர்களில் போர் தண்ணீர் உப்பு. அதில் சோப்பு கலந்து அடித்தால் காய்ந்ததும் வெள்ளைக் கறை. நான் கேன் தண்ணீர் எடுத்துப் போய்விடுவேன். கண்ணாடியில் ஏற்கெனவே உப்புக் கறை இருக்கிறதா என்று மட்டும் கேட்பேன்.

ஒட்டியபின் சில வாரம் மங்கலாகவும் நீர்த்துளியாகவும் தெரியும், மார்கழிக் குளிரில் இன்னும் தாமதமாகும், ஒரு மாதம் துடைக்கக் கூடாது. இதை முன்பே சொல்லிவிட்டால் மறுநாள் காலை போன் வராது.

கார் வேலையும் எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: மத்திய மோட்டார் வாகன விதி 100 முன், பின் கண்ணாடிக்கு 70 சதவீதமும் பக்கக் கண்ணாடிக்கு 50 சதவீதமும் வெளிச்சம் ஊடுருவ வேண்டும் என்கிறது. 2012ல் உச்ச நீதிமன்றமும் இதில் கண்டிப்பாக உத்தரவிட்டது. “எல்லாரும் ஒட்டியிருக்காங்களே” என்று வருபவரைத் திருப்பி அனுப்பத் தயங்க வேண்டாம்.

இத்தனையும் எழுதிக்கொண்டு, அதையே வாட்ஸ்அப்பில் அனுப்பி “சரிதானே சார்?” என்று கேளுங்கள். ‘சரி’ என்று பதில் வந்தபின் விலையைச் சொல்லுங்கள்.